பழைய ஐரிஸ், அரிய ஐரிஸ்: கிழங்காக வாங்குவதா, விதையாக வாங்குவதா?

கிழங்கிலிருந்து தழைக்கும் பூச்செடியான ஐரிஸின் அரிய வகைகளைச் சேர்க்க இறங்கும் எவரும் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: தேடுவது ஒரு பெயரையா, ஒரு காட்டு இனத்தையா? பிரான்ஸில் லெமோன் என்ற ஐரிஸ் வளர்ப்பாளர் 1844இல் வெளியிட்ட ‘மேடம் ஷெரோ’ ரகம் வேண்டுமென்றால், அந்தச் செடியிலிருந்து பிரித்து வந்த கிழங்கு மட்டும்தான் ‘மேடம் ஷெரோ’. அதன் விதையில் முளைப்பது அதன் பிள்ளை. தாயின் பெயர் அதற்குச் செல்லாது. காட்டு இனத்துக்கு இது தலைகீழ். ஒரே கிழங்கின் துண்டுகளைப் பெருக்குவதைவிட, பத்து விதைச் செடிகள் அந்த இனத்தின் இயல்பை அதிகம் காப்பாற்றும். எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு விடை இதிலிருந்துதான் வருகிறது.

பெயருள்ள பழைய ரகங்களுக்கு அமெரிக்காவில் இரண்டு நல்ல வழிகள் உண்டு: வணிக நர்சரி, ஹிப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வரலாற்று ஐரிஸ் பாதுகாப்புச் சங்கத்தின் கோடை விற்பனை. 1988இல் தொடங்கிய இந்தச் சங்கம், வெளியாகி 30 ஆண்டு கடந்த ரகங்களை ‘வரலாற்று’ ரகம் என்கிறது. நர்சரியில் கிழங்கு பெரிதாகவும் ஒரே அளவாகவும் வரும், மறு ஆண்டே பூக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கே நன்றாக விற்பவையே நிலைக்கும். உறுப்பினர்கள் தங்கள் தோட்டத்திலிருந்து கொடுப்பவற்றை விற்கும் ஹிப்ஸில், வேறெங்கும் கிடைக்காத ரகங்கள் ஒன்றிரண்டு கிழங்காவது வரும். எங்கள் தேர்வு ஹிப்ஸ்தான். பூ ஓராண்டு தள்ளிப் போனாலும் பரவாயில்லை. யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்ற தொடர்ச்சி அங்கே தெரிய வாய்ப்பு அதிகம். பழைய ரகத்துக்கு அந்தத் தொடர்ச்சிதான் உயிர்.

பார்சல் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் வரும். பிரித்தவுடன் ஒவ்வொரு கிழங்கையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இஞ்சியைப் போல் கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கி, நாற்றம் வந்தால் பாக்டீரியா அழுகல். கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை சுரண்டி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் நனைத்து, காய வைத்த பிறகே நட வேண்டும். துளை இருந்தால் வெட்டிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கலாம். அதுதான் ஐரிஸ் துளைப்பான். அது துளைத்த வழியே அழுகலும் நுழையும். நடும்போது கிழங்கின் முதுகை மண் மூடியும் மூடாமலும் விடுங்கள். கடும் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பே நட்டு முடித்தால்தான் வேர் பிடிக்கும். தாடி ஐரிஸை (கீழ் இதழ்களில் தாடி போல மயிர் வரிசை உள்ள வகை) ஆழமாகப் புதைத்தால் இலையாகத் தழைக்கும், பூக்காது.

மூன்றாவது வழி, பழைய வீடுகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் தானாக நிற்கும் செடிகள். உரிமையாளரிடம் கேட்டு ஒரு துண்டு வாங்கலாம், செலவும் இல்லை. ஆனால் பெயர் இருக்காது. ‘படத்தில் இருப்பது போலவே இருக்கிறது’ என்று பெயர் சூட்டுவதுதான் இந்தத் துறையின் பெரிய கேடு. பூவின் நிறம் போதாது. உயரம், இலையடியில் ஊதா படிந்திருக்கிறதா, மொட்டை மூடும் மடலின் தன்மை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பூக்கும் நேரத்தில் மடல் வெள்ளித் தாள் போல முழுக்கக் காய்ந்திருந்தால் அதில் ஐரிஸ் பல்லிடா என்ற காட்டு இனத்தின் வம்சம் வலுவாக இருக்கிறது; பச்சையாக இருந்தால் வேறு வம்சம். உறுதியாகும்வரை லேபிளில் இடமும் தேதியும் மட்டும் எழுதுங்கள்.

காட்டு இனங்களுக்கு வருவோம். இங்கே சிக்னா எனப்படும் வட அமெரிக்க ஐரிஸ் இனக் குழுவின் விதைப் பரிமாற்றம் கிழங்கு வணிகத்தை விட வெகுவாக மேல். அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த பசிபிக் கடற்கரை இனங்களைப் பாருங்கள்: வேரைக் கிளறினால் பொறுக்காதவை, மழைக்குப் பின் புதிய வெள்ளை வேர் விடும் சில வாரங்களில் மட்டுமே பெயர்க்கலாம். தபாலில் காய்ந்த செடி பெரும்பாலும் பிழைக்காது. விதைக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் விதையே எளிது: அமெரிக்க வேளாண் துறையின் ‘சிறு விதைத் தொகுப்பு’ அனுமதி இருந்தால் ஒரு பொட்டலத்துக்கு 50 விதை, ஒரு பார்சலுக்கு 50 பொட்டலம் வரை தாவர நலச் சான்றிதழ் இல்லாமலே வரலாம். கிழங்குக்கு மண் கழுவி, சான்றிதழும் வேண்டும்.

விதையின் குறை, கலப்பு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அப்பேவில் ஊருக்கு அருகே சதுப்பில் மட்டும் வளரும் ஐரிஸ் நெல்சோனி, தோட்டத்தில் பக்கத்து லூசியானா இனங்களோடு எளிதில் கலந்துவிடும். ஆகவே பட்டியலில் ‘கையால் மகரந்தம் சேர்த்தது’, ‘இயற்கை வாழிடத்தில் சேகரித்தது’ என்ற குறிப்பைத் தேடுங்கள். தேனீக்கு விட்ட தோட்ட விதையை இனத்தின் பெயரில் வளர்க்காதீர்கள். தாடி இன விதைகளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, குளிர்காலம் முழுக்கத் தொட்டியை வெளியே விடலாம். விதை தாமதமாக வந்தால் ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்) கலந்து, 4 டிகிரி செல்சியஸில் மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வையுங்கள். காய்ந்தாலும் கெடும், நீர் தேங்கினாலும் கெடும். முளைத்த இரண்டாம், மூன்றாம் ஆண்டில் பூ வரும்.

ஒன்கோசைக்ளஸ் எனப்படும் மேற்காசிய வறண்ட நில ஐரிஸ் இனங்களின் கதை வேறு. இஸ்ரேல், லெபனான் பகுதியின் ஐரிஸ் லோர்டேட்டி போன்றவற்றைக் கிழங்காக யாராவது மலிவாக விற்றால், காட்டில் தோண்டியதா என்று முதலில் கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். அவை கோடையில் காய்ந்து உறங்குபவை, கோடை மழை பட்டால் அழுகும். விதையும் பொறுமையைச் சோதிக்கும்: ஒரே தொட்டியில் ஒரு விதை முதலாம் வசந்தத்திலும் இன்னொன்று சில ஆண்டு கழித்தும் முளைக்கும். லேபிளை பென்சிலால் எழுதி, இன்னொரு பிரதியை மண்ணுக்குள் புதைத்து வையுங்கள். ஐந்தாண்டு வரை தொட்டியைக் கொட்டாதீர்கள்.