டைல்ஸ் இடுக்குகளுக்கு சீலர்: சில ஆண்டுகள் புழங்கிய பிறகு

சமையலறை, குளியலறை, கூடம் என்று வீடு முழுக்க டைல்ஸ் இடுக்குகளுக்கு சீலர் (தண்ணீரும் எண்ணெயும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் திரவப் பூச்சு) அடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அடித்த வாரத்திலேயே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் இருந்திருக்கும். இடுக்கை நிரப்பியிருக்கும் கலவையான கிரவுட் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் நிறைந்துவிடும். ஆனால் எண்ணெயும் சோப்பும் காலடி மண்ணும் பட்டுப் புழங்கிய பிறகுதான் அது எங்கே உழைக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று தெரிய வருகிறது.

சீலர் கறையைத் தடுப்பதில்லை. கறையைத் துடைக்க நமக்கு அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

சிமென்ட் கிரவுட்டைக் கலக்கும்போது ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதிதான் சிமென்ட்டோடு சேர்ந்து இறுகுகிறது. மிச்சம் ஆவியாகிப் போய்விடும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும். அழுக்குத் தண்ணீரும் எண்ணெயும் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்குகின்றன. நான் பயன்படுத்தியது ஊடுருவும் வகை சீலர். சிலேன், சிலாக்சேன் போன்ற பொருள்களால் ஆனது. இது துளைகளை அடைப்பதில்லை. துளையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சவிடாமல் செய்கிறது. துளை திறந்தே இருப்பதால் அடியில் உள்ள ஈரம் ஆவியாக வெளியேறவும் வழி இருக்கிறது. சமையலறைக்கு வாங்கும்போது மட்டும் எண்ணெயையும் விலக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை விலக்குவதெல்லாம் எண்ணெயை விலக்கிவிடாது; எண்ணெய்க்கு ஃப்ளோரின் சேர்ந்த வகைதான் நன்றாகக் கேட்கும்.

இன்னொரு வகை மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக் சீலர். பளபளப்பு பிடித்தவர்கள் அதைத் தேடுவார்கள். ஈரம் ஓயாத இடத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடியில் ஈரம் சிக்கினால் வெளுத்துப்போகும், அப்புறம் திட்டுத் திட்டாக உரியும். மறுபடி அடிக்க வேண்டுமென்றால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, டைல்ஸுக்கே அடிக்கலாமா? மேலே கண்ணாடி போன்ற மெருகு உள்ள செராமிக் டைல்ஸுக்குத் தேவையே இல்லை. போர்சலின் வகையும் பெரும்பாலும் அப்படித்தான். டைல்ஸுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 13006-இன்படி அது உறிஞ்சும் தண்ணீர் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. சீலர் உள்ளே போக இடம் ஏது? மேலேயே காய்ந்து, துடைத்தாலும் போகாத மங்கல் படலமாகிவிடும். மார்பிள், சுண்ணாம்புக்கல், ஸ்லேட், மெருகு போடாத சுட்ட மண் ஓடு, இவற்றுக்கு அவசியம் அடிக்க வேண்டும். ஆனால் மார்பிளில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சிந்தினால் மெருகு போய் ஒரு தழும்பு விழுமே, அதை எந்த ஊடுருவும் சீலரும் தடுக்காது. அது கறை இல்லை. அமிலம் கல்லையே அரித்த தடம். இதை விற்கிறவர்கள் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

பலன் முழுக்க அடிப்பதற்கு முன்னால் செய்யும் வேலையில்தான் இருக்கிறது. இருக்கிற அழுக்கின் மேல் சீலர் அடித்தால் அழுக்கும் சேர்ந்து நிரந்தரமாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தைக் காரத்தன்மை உள்ள கிளீனர் ஊற்றிச் சற்று ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம், கிரவுட்டைச் சுரண்டிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கிளீனரின் மிச்சம் தங்கினால் சீலர் சரியாகப் பிடிக்காது. அடுத்தது காயவிடுவது. கூடத்துக்கு ஒரு நாள் போதும். குளியலறையில் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், அதனால் ஃபேனைப் போட்டு இன்னும் கூடுதலாக விட்டேன். புதுக் கிரவுட் என்றால் டப்பாவில் சொன்ன நாள் வரை பொறுக்க வேண்டும்; சிலவற்றுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 28 நாள்கூட உண்டு.

இடுக்குகளில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் சீலரை ஒதுக்கி வையுங்கள். அடியில் எங்கிருந்தோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடிப்பது பெரிய வித்தை இல்லை. கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துக்கொண்டு (சில வகைகள் நிறத்தை அடர்த்தியாக்கும்), சின்ன பிரஷ்ஷால் இடுக்கு நெடுகத் தடவி, டப்பாவில் சொன்ன சில நிமிடம் ஊறவிட்டு, டைல்ஸ் மேல் வழிந்ததைக் காயும் முன் துடைத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் முழு அறையையும் தடவிவிட்டுத் துடைக்கத் திரும்பினால் காய்ந்திருக்கும். கை எட்டும் அளவுக்குப் பகுதி பகுதியாகப் போவதே நல்லது. எங்காவது மங்கல் படிந்தால் அதே சீலரைத் துணியில் தொட்டு உடனே தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். கரைப்பான் கலந்த வகை என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பைப் பற்ற வைக்காமல் வேலை செய்யுங்கள்.

இப்போது அனுபவத்துக்கு வருகிறேன். கூடத்தில் இன்றும் நன்றாக இருக்கிறது, வாசற்படி ஓரம் மட்டும் விலக்கு. செருப்பில் வரும் மணல் அங்கே கிரவுட்டின் மேற்பரப்பையே தேய்த்துவிடுகிறது. சமையலறையில் அடுப்புக்குப் பின்சுவரில் தெறிக்கும் எண்ணெயை அன்றே துடைத்தால் தடமில்லை. இரவு முழுக்க விட்ட இடங்களில் லேசான நிழல் விழுந்திருக்கிறது. அடிக்காமல் விட்டிருந்த அலமாரி அடிப்பக்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

முதலில் சக்தி இழந்தது குளியலறையில் ஷவரின் நேர் கீழ்த் தரை. தண்ணீரை விட அங்கே கெடுதல் செய்வது கிளீனர்தான். குளியலறைக்கென்று விற்கும் அமிலக் கிளீனர் உப்புப் படிவைப் பளிச்சென்று எடுக்கும், கூடவே சிமென்ட்டையும் அரிக்கும். சீலர் ஒட்டியிருக்கும் மேற்பரப்பே கரைந்து போனால் சீலர் எங்கே நிற்கும்? அமிலமும் காரமும் இல்லாத நியூட்ரல் கிளீனருக்கு மாறிய பிறகு அடுத்த பூச்சு கணிசமாக அதிக நாள் தாங்கியது. சீலர் பிராண்டைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள், கிளீனரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அமிலக் கிளீனரையும் பிளீச்சையும் ஒருபோதும் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும்.

கரும்பூசணம் நின்றுவிடுமா என்று கேட்பார்கள். நிற்காது. சீலர் மேல் படியும் சோப்புப் படலமே பூசணத்துக்குப் போதும். உள்ளே வேர் பிடிக்காததால் பிரஷ்ஷால் இரண்டு இழுப்பில் வந்துவிடுகிறது என்பதுதான் ஆறுதல். சுவரும் தரையும் சேரும் மூலைகளில் கிரவுட் விரிசல் விட்டிருந்தால் சீலர் உதவாது, அங்கே ரப்பர் போல வளைந்து கொடுக்கும் சிலிகான் வைக்க வேண்டும். கீழே நீர்க்கசிவு இருந்தாலும் சீலர் உதவாது. அதைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் போடும் வாட்டர்ப்ரூஃபிங்.

மறுபூச்சுக்கு நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. இடுக்கில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து பத்து நிமிடம் கவனிக்கிறேன். நிறம் கறுத்தால் அந்த இடத்துக்கு மட்டும் அடிக்கிறேன். இதனால் ஷவர் தரைக்கு அடிக்கடி வேலை இருக்கிறது, கூடத்துக்கு இன்னும் தேவைப்படவில்லை. புதிதாக டைல்ஸ் ஒட்டப் போகிறவர்கள் ஷவர் தரைக்கும் அடுப்புப் பின்சுவருக்கும் எபாக்ஸி கிரவுட் (சிமென்ட்டுக்குப் பதில் பிசினால் ஆனது) கேட்டுப் பாருங்கள். செலவு கூடும், ஒட்டுபவருக்குக் கைப்பழக்கம் வேண்டும், ஆனால் அதற்கு சீலரே தேவையில்லை.