தகரத்துல அடிக்கிற வெளிச்சம்: ரெண்டு வருஷம் ஸ்மார்ட் வாட்ச் கட்டிப் படுத்த அனுபவம்

போன வியாழக்கிழமை வாட்ச் ரிப்பேர்ல இருந்து வந்துச்சு. ஸ்கிரீன் மாத்தினதுக்கு 11,500 ரூபா, அதப் பத்தி கொற சொல்ல மாட்டேன், வேலைய சுத்தமாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா மாத்தும்போது உள்ள இருந்த செட்டிங்ஸ் எல்லாத்தையும் அழிச்சு புதுசா வாங்கின மாதிரி ஆக்கிட்டாங்க, அத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நானும் பாக்காம கட்டிக்கிட்டு படுத்துட்டேன். ஒரு மணி ஒன்றரை இருக்கும், குளிருக்கு கம்பளிய இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் திரும்புறேன், வாட்ச் பளீர்னு எரிஞ்சு கூரைத் தகரம் முழுக்க வெளிச்சம், அப்பாயி எழும்பி உக்காந்து "யாரு அது, யாரு டோர்ச் அடிக்கிறது"ன்னு சத்தம் போட, அம்மா பதறி எழும்ப, தங்கச்சி புள்ள அழ ஆரம்பிக்க, அதுக்குப் பொறகு வீட்டுல ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல. அம்மா விடிஞ்சதும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகணும், அந்த நெனப்பு எனக்கு அழுகையே வர வெச்சிருச்சு.

எங்களுது லயத்து வீடு, மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின வீடுகள்ல ஒண்ணு. 10 அடிக்கு 12 அடி காம்பிராவுல அஞ்சு பேர் படுக்கிறோம். நான் கையத் தூக்கினா அம்மா மூஞ்சி, இந்தப் பக்கம் அப்பாயி மூஞ்சி. தனி ரூம்ல படுக்கிறவங்களுக்கு வாட்ச் ராத்திரி எரியிறது ஒரு சின்ன விஷயம், எங்களுக்கு அப்படி இல்ல. அப்பாயிக்கு டோர்ச்னா ஏன் பயம்னும் சொல்லணும். 2014 ஒக்டோபர்ல பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்துல மண்ணு சரிஞ்சு லயமெல்லாம் மூடிப் போன பொறகு, மழை ஒரு மூணு நாளு விடாம பேஞ்சா எங்க பக்கம் பெரியவங்க தூங்கவே மாட்டாங்க. பொறகு ஒரு மழைக்கு ராத்திரியில டோர்ச்சோட வந்து கதவத் தட்டி, மேல கல்லு உருளுது வெளிய வாங்கன்னு கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல தங்க வெச்சாங்க. அன்னையில இருந்து தகரத்துல வெளிச்சம் விழுந்தா அப்பாயிக்கு அந்த ராத்திரிதான்.

நான் தலவாக்கலை பக்கம் ஒரு ஸ்கூல்ல விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீடு பொகவந்தலாவை பக்கம், மேல் டிவிஷன். ரோட்டுக்கு எறங்கி வரவே முக்கா மணித்தியாலம், பொறகு பஸ் புடிச்சு நோர்வூட், டிக்கோயா தாண்டி ஹட்டன்ல மாறணும், ஸ்கூல் 7.30க்குத் தொடங்கிரும். அதனால நான் எழும்புறது 4.15க்கு. வாட்ச் வாங்கினதே இதுக்குத்தான். மாமா மகன் போன கெழம மெசேஜ் போட்டிருந்தான், அக்கா நீங்க 42,000க்கு வாங்கின அதே வாட்ச் இப்ப 29,000 ஆயிருச்சு, எடுக்கட்டுமான்னு. அவனுக்கு பதில் எழுத உக்காந்ததுதான் இவ்வளவு நீளமாப் போகுது.

மொதல்ல நல்லத சொல்றேன். போன் அலாரம் வெச்ச காலத்துல நான் 4.15க்கு எழும்புறேன்னா வீடே 4.15க்கு எழும்பும், தடுப்புச் சொவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுலயும் இருமுறது கேக்கும். வாட்ச் சத்தமே இல்லாம மணிக்கட்டுல நடுங்கி என்ன மட்டும் எழுப்புது. மொத நாள் அப்படி எழும்பி, தேத்தண்ணி போட்டுக் குடிச்சு, சாரி கட்டி, கதவ மெதுவா சாத்திட்டு எறங்கினேன், அம்மா அசையவே இல்ல. அம்மாவுக்கு அதனால நாளைக்கு ஒண்ணரை மணித்தியாலம் கூடத் தூக்கம். ரெண்டு வருஷத்துக்கு கணக்குப் போட்டுப் பாருங்க. இதுக்காகவே இந்த வாட்ச கையெடுத்துக் கும்பிடலாம்னு பல நாள் நெனச்சிருக்கேன்.

இப்ப வெளிச்சத்துக்கு வாறேன். பெரிய குத்தவாளி, கையத் தூக்கினா ஸ்கிரீன் எரியிற செட்டிங். வாட்சுக்குள்ள அசைவ அளக்கிற சென்சர் இருக்கு, மணிக்கட்டு திரும்பினா நீங்க மணி பாக்கத்தான் திருப்புறீங்கன்னு அது எடுத்துக்கும். படுக்கையில பொரண்டாலும் அதே திருப்பம்தான், அதுக்கு வித்தியாசம் தெரியாது. ஜனவரி பெப்ரவரி பனிக்கு கையக் கால சுருட்டிக்கிட்டு எத்தன தடவ பொரளுறோம், அத்தன தடவையும் எரியும். இத மொதல்ல ஓஃப் பண்ணுங்க. ஸ்லீப் மோடுல போட்டா இது தானா ஓஃப் ஆகும்தான், ஆனா என் வாட்ச்ல ஸ்லீப் மோடு தொடங்குற நேரம் ராத்திரி 10ன்னு வந்திருந்துச்சு, நாங்க எட்டரைக்கே படுத்துருவோம், அந்த ஒண்ணரை மணித்தியாலத்துல எத்தன தடவ எரிஞ்சிச்சுன்னு எனக்கே தெரியாது. நேரத்த நீங்க படுக்கிற நேரத்துக்கு மாத்தி வைங்க. எப்பவும் ஸ்கிரீன் லேசா எரிஞ்சுக்கிட்டே இருக்கிற செட்டிங் இருந்தா அதையும் நிப்பாட்டுங்க, பகல்ல அழகு, ராத்திரி இருட்டுல அதே ஒரு மின்மினிப் பூச்சி மாதிரி தெரியும்.

தொட்டா எரியிறதையும் நான் ஓஃப் பண்ணித்தான் வெச்சிருக்கேன். தூக்கத்துல கன்னமோ, இன்னொரு கையோ பட்டாலும், ஈரம் பட்டாலும் எரியுது, மழக்காலத்துல எங்க வீட்டுல எது ஈரம் இல்லாம இருக்கு. இப்ப பட்டன அமுக்கினா மட்டும்தான் எரியும். அஞ்சு செக்கன்ல தானா அணையும், அதுக்கு முன்னாடி அணைக்கணும்னா உள்ளங்கையால மூடினாப் போதும். இந்த உள்ளங்கை விஷயம் எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சிச்சு, அதுவும் தங்கச்சி புள்ள வெளையாட்டுக்கு அமுக்கினப்ப.

பிரைட்னஸ் கதை தனி. ஓட்டோவுல விட்டா பகல்ல கொற இல்ல, வெயில்ல நல்லாத் தெரியும், இருட்டுல தானாக் கொறையும். கொறையுறது போதாது, அதுதான் பிரச்சன. போதாததுக்கு கண்ணாடிக்குக் கீழ இருக்கிற சென்சருக்கு பக்கத்துல கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும், நான் சேலை தேட போன் லைட்ட போட்டாலும், ஒரேடியா ஏறிரும். ராத்திரிக்கு ஓட்டோவ நிப்பாட்டி கடைசிப் படிக்கு எறக்கி வைக்கிறேன், காலையில பஸ்ல ஏறித் திரும்ப மாத்துறேன். தெனமும் ரெண்டு தடவ. ஸ்லீப் மோடு தொடங்கும்போது இதையும் சேத்துக் கொறைக்க ஒரு வழி வெச்சிருக்கலாம், வைக்கல. ஆப்பிள்ல 2023ல வந்த சீரிஸ் 9 ஒரு நிட் (ஸ்கிரீன் வெளிச்சத்த அளக்கிற அலகு) வரைக்கும் எறங்கும், அப்படிக் கொறைக்க முடியும்னு தெரிஞ்ச பொறகு என் வாட்ச்சோட கடைசிப் படியப் பாத்தா ஆத்திரம் வருது.

வெளிச்சத்தோட நெறத்த மறந்துராதீங்க. இது நான் படிப்பிக்கிற பாடம், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். நம்ம கண்ணு விழித்திரையில கோல், கூம்புன்னு ரெண்டு வகைக் கலங்கள் இருக்கு. இருட்டுல பாக்க உதவுறது கோல்கள். அதுகளுக்கு நல்லாத் தெரியிறது 500 நானோமீட்டர் பக்கத்துல இருக்கிற நீலப்பச்சை வெளிச்சம், சிவப்பு அதுகளுக்கு ரொம்ப மங்கல். கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக 20, 30 நிமிஷம் எடுக்கும், ஒரு தடவ வெள்ள வெளிச்சம் அடிச்சா அந்தப் பழக்கம் போயிரும். அது போக, இது பகலா ராத்திரியான்னு மூளைக்குச் சொல்ற இன்னொரு வகைக் கலமும் கண்ணுல இருக்கு, அது 480 நானோமீட்டர் பக்கத்து நீலத்துக்குத்தான் ரொம்ப அசையும். அதனாலதான் கறுப்புப் பின்னணியில சிவப்பு எழுத்து இருக்கிற முகப்பு போடுங்கன்னு சொல்றேன். அமோலெட் ஸ்கிரீன்ல ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா எரியும், கறுப்புன்னா அந்தப் புள்ளி அணஞ்சே கெடக்கும். எல்சிடினா பின்னால முழுசா ஒரு லைட்டு எரியும், கறுப்பப் போட்டாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். நான் தங்கச்சி புள்ள போட்டோவ முகப்பா வெச்சிருந்தேன், வெள்ளச் சட்டையில எடுத்த போட்டோ. அத மாத்தி நாலு சிவப்பு இலக்கம் மட்டும் இருக்கிற முகப்பு போட்ட அன்னைக்கு, ராத்திரி பட்டன அமுக்கி மணி பாத்தேன், தகரம் இருட்டாவே இருந்துச்சு. அவ்வளவு நிம்மதி. 2022ல வந்த ஆப்பிள் அல்ட்ராவுல முகப்ப அப்படியே சிவப்பா மாத்துற வசதி இருக்கு, ஆக இது யாரோ யோசிச்ச விஷயம்தான், வெல கூடின வாட்ச்ல மட்டும் யோசிச்சிருக்காங்க.

பின்பக்கம் பச்ச லைட்டையும் நெறையப் பேர் கேக்குறாங்க. குருதியில இருக்கிற ஈமோகுளோபின் பச்ச வெளிச்சத்த நல்லா உறிஞ்சும், அந்த ஏத்த எறக்கத்த வெச்சுத்தான் இதயத் துடிப்ப எண்ணுது. பட்டி லூசா இருந்தா ஓரத்தால கசிஞ்சு செவத்துல பச்சப் பச்சயா அடிக்கும். ஒரு ஓட்ட இறுக்கிக் கட்டினாப் போதும். அதுவும் வேணாம்னா ராத்திரிக்கு இதயத் துடிப்பு அளக்கிறத நிப்பாட்டிருங்க. நான் நிப்பாட்டிட்டேன், நான் எப்படித் தூங்கினேன்னு காலையில ஒரு வாட்ச் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியது இல்ல.

கோல், மெசேஜ் எதுவும் தொந்தரவு பண்ணாம அடைச்சு வைக்கிற டூ நொட் டிஸ்டர்ப் போடும்போது மட்டும் யோசிச்சுப் போடுங்க. நான் மொதல்ல எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருந்தேன். ஜூன், ஜூலை மழையில தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு மண்சரிவு எச்சரிக்கை விடுவாங்க, சிவப்புன்னா வெளியேறணும். ராத்திரி அப்படி ஒரு சேதி வந்து, நான் வெளிச்சத்துக்குப் பயந்து அத அடைச்சு வெச்சிருந்தா என்ன ஆகும். இப்ப போன்லயே மூணு நம்பர மட்டும் விதிவிலக்காப் போட்டிருக்கேன், லயத்துல கீழ் வீட்டு அண்ணன், சித்தப்பா, எங்க கிராம சேவகர். அவங்க கோல் எடுத்தா கையில வாட்ச் நடுங்கும், மத்தது எதுவும் வராது. வாட்ச போனோட டூ நொட் டிஸ்டர்ப பின்பத்துற மாதிரி வெச்சுக்கணும், தனியாப் போட்டா என் வாட்ச் அந்த மூணு நம்பரையும் சேத்து அடைச்சிருது.

இவ்வளவும் செஞ்சு முடிச்சும் ஒண்ணு பாக்கி இருக்கு, அதுதான் என்ன ரெண்டு வருஷமா அரிச்சுக்கிட்டு இருக்கு. அலாரம். 4.15க்கு கை நடுங்கும்போது கூடவே ஸ்கிரீன் முழு வெளிச்சத்துல எரியுது. கடைசிப் படிக்கு எறக்கி வெச்சிருந்தாலும் அது அத மதிக்கிறதில்ல, சிவப்பு முகப்பையும் மதிக்கிறதில்ல, பெரிய வெள்ள வட்டம், நடுவுல நிப்பாட்டுற பட்டன். சத்தம் இல்லாம எழுப்பத்தான் ஒருத்தர் நடுங்குற அலாரம் வைக்கிறாரு, பக்கத்துல ஆள் தூங்குதுன்னுதானே அப்படி வைக்கிறாரு, அவருக்கு ஏன் ஒரு டோர்ச் வெளிச்சத்தக் குடுக்கணும்? செட்டிங்ஸ்ல நான் தேடாத எடம் இல்ல. ரெண்டு வருஷத்துல வந்த அப்டேட் எல்லாத்தையும் ஆசையோட போட்டுப் பாத்துட்டேன், புது முகப்பு வந்துச்சு, புது வெளையாட்டு வகை வந்துச்சு, இது வரல.

கடைசியில நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். பழைய கறுப்பு சொக்ஸோட மேல்பகுதிய வெட்டி வாட்சுக்கு மேல போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறேன். நடுங்கினதும் கையக் கம்பளிக்குள்ள வெச்சபடியே சொக்ஸுக்கு மேலயே பக்கத்து பட்டனத் தடவி அமுக்குறேன், நின்னுரும். வியாழக்கிழமை அந்த சொக்ஸையும் போட மறந்துட்டேன், ரிப்பேர்ல இருந்து வந்த சந்தோஷத்துல.

எங்க அப்பா கட்டியிருந்த கெசியோ எப்91டபிள்யூ இன்னும் வீட்டுல இருக்கு. 1989ல வந்த மாடல். ஒரு பட்டன அமுக்கினா ஓரத்துல ஒரு சின்னப் பச்ச லைட்டு, விட்டா அணஞ்சிரும், அமுக்காத வரைக்கும் இருட்டு. ஒரு பேட்டரி ஏழு வருஷம் தாங்கும்னு போட்டிருக்காங்க. அதுல நடுக்கம் இல்ல, கீச்சுனு கத்தும், இல்லாட்டி நான் அதத்தான் கட்டியிருப்பேன்.

தம்பி, நீ கேட்டதுக்கு என் பதில் வேணாம். 29,000க்கும் வேணாம். நீயும் மாமா, அத்த, சின்னவன்னு ஒண்ணாப் படுக்கிற ஆளு. அக்கா நீங்க மட்டும் ஏன் கழட்டாமக் கட்டியிருக்கீங்கன்னு கேப்ப, அம்மாவோட அந்த ஒண்ணரை மணித்தியாலத்துக்காகக் கட்டியிருக்கேன், இன்னைக்கும் கட்டிக்கிட்டுத்தான் படுப்பேன். வேற எதையாவது எடுக்கிறதா இருந்தா ஹட்டன்ல கடையிலயே வெச்சுப் பாரு. பிரைட்னஸ கடைசிக்கு எறக்கு, ஒரு நிமிஷம் கழிச்சு அடிக்கிற மாதிரி அலாரம் வை, கைய ஜாக்கெட்டுக்குள்ள விட்டு கழுத்துப் பக்கமா எட்டிப் பாரு. அலாரம் அடிக்கும்போது உள்ள இருட்டா இருந்தா வாங்கு, பேரையும் வெலையையும் எனக்கு அனுப்பு.