சுகர் மருந்துச் செலவு: மக்கள் மருந்தகமா, ஆரம்ப சுகாதார நிலையமா?

மாத்திரைக்கு மட்டும் என்றால் மத்திய அரசுத் திட்டத்தின் மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சிடாகிளிப்டின் என்ற சுகர் மருந்தில் 50 மி.கி. பத்து மாத்திரையை 2022-ல் 60 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். மெட்ஃபார்மின் 500 சேர்ந்தது 65. கம்பெனிப் பெயரில் அப்போது அதற்கு இரண்டு மூன்று மடங்கு விலை. ஆனால் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே கிடைக்காது. மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், எஸ்.ஆர். (மெதுவாகக் கரையும் வகை) என்றால் அதையும் சேர்த்துச் சீட்டில் டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதில் அடிக்கடி வரும். கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே போய்விடுவது நல்லது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, பதிவு செய்தவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஒரு சிக்கல் உண்டு. தனியாரில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாக இருந்திருக்கும். இங்கே தனித்தனியாகத் தரலாம். பழைய மாத்திரை அட்டை மீதமிருக்கிறதே என்று அதையும் சேர்த்துப் போட்டால் டோஸ் இரட்டிப்பாகி, சுகர் சரிந்து, வியர்த்துக் கொட்டி மயக்கம் வரலாம். பழைய அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள்.

இன்சுலினில்தான் அதிக கவனம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் தருவது 10 மி.லி. குப்பி. அதில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், மொத்தம் 400. இதற்கு சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சுதான். ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 யூனிட் மருந்துக்கானது; அதில் 20 கோடு இழுத்தால் இந்தக் குப்பியிலிருந்து உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். சுகர் ஏன் இறங்கவில்லை என்று டோஸைக் கூட்டுவதற்கு முன் மூடியின் நிறத்தைப் பாருங்கள். இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜில் இருக்கும் 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுப்பது இன்னும் ஆபத்து, இரண்டரை மடங்கு ஏறிவிடும்.

வீட்டில் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் இலவசமாகக் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். மீட்டரை மலிவாகத் தருவார்கள், காசு போவது ஸ்ட்ரிப்பில். அதனால் முதலில் ஒரு ஸ்ட்ரிப் என்ன விலை என்று கேளுங்கள், பிறகு மீட்டரை எடுங்கள். டப்பாவைத் திறந்த பிறகு பல கம்பெனி ஸ்ட்ரிப்புக்கு மூன்று மாதம்தான் ஆயுள். வாரத்துக்கு இரண்டு முறை பார்ப்பவருக்கு 25 ஸ்ட்ரிப் டப்பா அந்த மூன்று மாதத்துக்குச் சரியாக வரும். தள்ளுபடி என்று ஒரே டப்பாவில் 50 வாங்கினால் பாதி குப்பைக்குத்தான்.