“பொம்மை எங்கப்பா?”: 50 எம்.எம். லென்ஸோடு 7 வருடம்

2018-இல் தைப்பொங்கல் முடிந்த கையோடு வாங்கிய லென்ஸ் இது. செகண்ட் ஹேண்ட், 5,500 ரூபாய். விற்றவர் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர். இதைவிட விலை கூடின ஒன்று வாங்கிவிட்டதால் இதைத் தள்ளிவிட்டார். 50 எம்.எம்., எஃப் 1.8. எம்.எம். என்பது எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதற்கு, எஃப் என்பது வெளிச்சம் நுழையும் துளைக்கு; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது. ஜூம் கிடையாது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. கேமரா செய்கிற பெரிய கம்பெனிகள் பலவும் இப்படி ஒன்றை விற்கின்றன, குணமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

என்னைப் பற்றி ஒரு வரி: ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணியிலிருந்து 9 மணி வரை, அப்புறம் திருவிழா, சொந்தக்காரர் வீடு, பக்கத்து ஊர்ப் பயணம். இவ்வளவுதான் என் போட்டோகிராஃபி. காசு வாங்கிக்கொண்டு ஒரு படமும் எடுத்ததில்லை. அதனால் இதைத் தொழில்காரர் பார்வையில் படிக்க வேண்டாம்.

வாங்கக் காரணம் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். விடியுமுன் போனால்தான் அங்கே பார்க்க ஏதாவது இருக்கும். மல்லி மூட்டைகள் வந்து இறங்கும், பிச்சியும் கனகாம்பரமும் குவியும், தராசுக்குப் பக்கத்தில் சத்தம் காதைப் பிளக்கும். வெளிச்சம்தான் இல்லை. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸை 55 எம்.எம். வரை இழுத்தால் அதன் துளை 5.6-க்கு மேல் திறக்காது. இந்த லென்ஸ் 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. பழைய லென்ஸில் நொடியில் 10-இல் ஒரு பங்கு நேரம் கேமராவை ஆடாமல் பிடிக்க வேண்டியிருந்த இடத்தில், இதில் 100-இல் ஒரு பங்கு போதும். மூட்டை தூக்குகிறவர் நடந்துகொண்டே இருந்தாலும் முகம் கலங்காது.

ஒரு சின்ன விஷயம், யாரும் எனக்குச் சொல்லாதது. வெளிச்சம் கிடைக்கிறதே என்று ஷட்டர் வேகத்தை 250, 500 (நொடியில் 250-இல், 500-இல் ஒரு பங்கு) என்று ஏற்றினேன். படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். லென்ஸ் கெட்டுப்போச்சு என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம்தான் புரிந்தது: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. ஷட்டரை 100-இல் அல்லது 50-இல் வைத்தால் பட்டை போய்விடும். மார்க்கெட்டில் இன்றும் 100-தான்.

முதல் ஏமாற்றம் கோபுரம். என் கேமராவின் சென்சார், அதாவது படம் பதிகிற சில்லு, சின்னது, எனவே 50 எம்.எம். என்பது பார்வையில் 75 எம்.எம். மாதிரி நெருக்கி விடுகிறது. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் முழுக் கோபுரமும் அடங்க 110 மீட்டர் பின்னால் போயாக வேண்டும். தெற்குச் சித்திரை வீதியில் எவ்வளவுதான் பின்வாங்கினாலும் கடைச் சுவரில் முதுகு இடிக்கும், கலசம் வெளியே நிற்கும். உள்ளே போய் எடுக்கலாம் என்றால் அதுவும் கிடையாது. நான் லென்ஸ் வாங்கின அடுத்த மாதமே, 2018 பிப்ரவரியில், வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதற்குப் பின் செல்போனைக்கூட வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் 7 வருடத்தில் முழுக் கோபுரம் என்று என்னிடம் இருப்பவை எல்லாம் தள்ளியிருக்கும் மொட்டை மாடிகளிலிருந்து எடுத்தவை. அவை மோசமில்லை, தண்ணீர் டேங்கும் காயப்போட்ட வேட்டியும் கோபுரமுமாக ஊர் ஊராகவே தெரிகிறது. ஆனால் அதற்கு மாடிச் சாவி வைத்திருக்கிற சிநேகிதர் வேண்டும்.

யானைமலைக்கு நேர் மாறு. ஒத்தக்கடைப் பக்கம் கிட்டப் போனால் எந்த லென்ஸிலும் அது வெறும் பாறைச் சுவர்தான். தள்ளி வந்தால் யானை படுத்திருக்கும், அந்தத் தூரத்துக்கு இந்த லென்ஸ் சரியாகப் பொருந்துகிறது. அரிட்டாபட்டி கதை வேறு. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-இல் அறிவித்தார்களே, அந்த ஊர்தான். லகர் வல்லூறு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். இருந்தது. படத்தில் அது ஒரு புள்ளி. சென்சாரில் தூசியா பறவையா என்று வீட்டில் ஒரு விவாதமே நடந்தது. பறவைக்கு இந்த லென்ஸ் ஆகாது, அவ்வளவுதான்.

முதல் 2 வருடம் எடுத்ததெல்லாம் 1.8-இல்தான். காசு கொடுத்தது அதற்குத்தானே. முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும், பின்னால் எல்லாம் வெண்ணெய் மாதிரி கரைந்திருக்கும், தெருவிளக்குகள் உருண்டை உருண்டையாக மிதக்கும். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால் மச்சான், சித்தப்பா பையன் எல்லாரும் “சினிமா மாதிரி இருக்குடா” என்பார்கள். எனக்கும் கால் தரையில் இல்லை.

2019 ஆவணியில் விளாச்சேரி போனேன். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் மண்பொம்மை செய்கிற ஊர். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, டிசம்பருக்குக் கிறிஸ்துமஸ் குடில் செட் என்று வருடம் முழுக்க வேலை. ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவாராம். அனுமதி கேட்டேன், “எடுத்துக்க தம்பி, வெளிச்சத்த மறைக்காம அங்கிட்டு நில்லு” என்றார். ஒன்றரை மீட்டர் தூரம், 1.8. முகமும் தூரிகை நுனியும் கூர்மை, பின்னால் வண்ண மேகம். அதுவரை நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று நினைத்தேன். ஸ்டுடியோவில் 6-க்கு 8 பிரிண்ட் போட்டு, அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. பொம்மை எங்கப்பா?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார். பலகைத் தட்டுகளில் தசாவதார செட், கல்யாண செட், வரிசையாக நின்றன. “மூணு மாசமா உக்காந்து செஞ்சு அடுக்கி வச்சிருக்கேன். இதுல பஞ்சு பறந்த மாதிரியில்ல கெடக்கு. என் மூஞ்சிய வச்சு நான் என்ன செய்ய?”

கோபமாகச் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் ஒன்றரை மீட்டர் தூரத்தில் 1.8 வைத்தால் கூர்மையாக விழுவது சுமார் 6 சென்டிமீட்டர் ஆழம் மட்டும்தான். மூக்கிலிருந்து காது வரைக்கே பத்தாது. அந்தக் கணக்கை எனக்குப் புரியவைத்தது புத்தகமல்ல, அவர்தான்.

அன்றிரவு பழைய படங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். பூக்கட்டும் அம்மா, டீ மாஸ்டர், புது மண்டபத்துப் பக்கம் தையல்காரர். யார் பின்னாலும் எதுவும் இல்லை. மதுரை என்று சொல்ல ஒரு போர்டு, ஒரு தூண், ஒரு சுவரொட்டி இல்லை. கோயம்புத்தூரில் எடுத்தேன் என்றாலும் நம்பலாம். என்னை உறுத்தியது வேறொன்று. சோழவந்தானில் அப்பத்தா வீட்டு அடுப்படியில் எடுத்த 14 படங்கள். அப்பத்தாவின் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் எண்ணலாம். அம்மி, புகை ஏறின சுவர், ஆணியில் மாட்டின நாள்காட்டி எல்லாம் மூட்டம். அப்பத்தா 2021-இல் போய்விட்டது. வீட்டை அடுத்த வருடம் இடித்தோம். அந்த அடுப்படி எப்படி இருந்தது என்று இப்போது என் மகளுக்குக் காட்ட ஒரு படமும் இல்லை.

அதற்குப் பிறகு 1.8-ஐ அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். வழக்கமாக 4, வெளிச்சம் இருந்தால் 5.6. 3 மீட்டர் தள்ளி நின்று 5.6-இல் எடுத்தால் கூர்மை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் வரை கிடைக்கிறது, அதற்குப் பின்னால் இருப்பதும் இன்னதென்று அடையாளம் தெரிகிறது. வெளிச்சம் குறைந்தால் ஆளை வாசற்படிக்குக் கிட்டே உட்காரச் சொல்கிறேன். படத்தில் கொஞ்சம் மணல் மாதிரி இரைச்சல் விழுந்தாலும் கவலைப்படுவதில்லை; 6-க்கு 8 பிரிண்டில் அது தெரிவதே இல்லை.

இப்படி நிதானமாக எடுக்க ஆரம்பித்த பிறகு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனபோதுதான் லென்ஸின் உண்மையான தரம் தெரிந்தது. பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒவ்வொரு கீறலும் நிழல் கட்டி எழும். அப்போது 5.6-இல் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் பாறையின் சொரசொரப்புக்கூடத் தெரிகிறது. ஜூம் லென்ஸில் எடுத்த அதே இடம் பக்கத்தில் வைத்தால் களிம்பு பூசின மாதிரி இருக்கிறது. அதே மலையில் செட்டிப்புடவு என்ற குகையில் இடம் நெருக்கம் என்பதால் சிற்பத்தை முழுதாக எடுக்கக் கொஞ்சம் பாறையில் ஒண்ட வேண்டியிருந்தது.

குறைக்கு வருவோம். மலிவான லென்ஸ், தண்ணீர் தடுப்பு எதுவும் கிடையாது. ஒரு சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கருப்பசாமி வேடம் கட்டியவர்கள் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்களே, அதில் ஒரு வீச்சு நேராகக் கேமராவுக்கு. வெளியே துண்டால் துடைத்தேன், சட்டையும் நனைந்திருந்த சந்தோஷத்தில் பையில் போட்டு மூடிவிட்டேன். அதுதான் தப்பு. ஐப்பசி மழையில் எடுத்துப் பார்த்தால் உள் கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை.

ரிப்பேருக்குக் கொடுத்தேன். கடை பெயர் வேண்டாம். ஒரு வாரம் என்றார்கள், 3 வாரம் ஆனது, 1,800 ரூபாய். பூஞ்சை போனது, கூடவே ஃபோகஸும் நகர்ந்துவிட்டது. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனி கூர்மையாகிறது. கேட்டதற்கு “பழைய லென்ஸ்ண்ணே, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். விலை கூடின கேமராவில் இந்த நகர்வைச் சரிக்கட்ட மெனு உண்டு, என்னுடையதில் இல்லை. ஆனால் பின்திரையைப் பார்த்து லைவ் வியூவில் எடுத்தால் கேமரா சென்சாரையே வைத்து ஃபோகஸ் பார்ப்பதால் பிழை வருவதில்லை. மெதுவாகத்தான் பிடிக்கும். ஜல்லிக்கட்டுக்கு அது உதவாது. அலங்காநல்லூரில் கேலரியில் இருந்து இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டதால், நான் வாடிவாசலுக்குப் பின்னால் வரிசையில் காத்திருக்கிற மாடுகளையும் கயிறு பிடித்திருக்கிற வீட்டுக்காரர்களையும்தான் எடுப்பேன். அவர்கள் அசையாமல் நிற்பார்கள், மாடு கொஞ்சம் யோசிக்கும்.

இப்போது லென்ஸ் இருப்பது மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் அரிசி டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. நிறம் மாறினால் எடுத்துச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுகிறேன். அரிசியே போடலாமே என்பார்கள், அந்தத் தூசி உள்ளே போனால் இன்னொரு 1,800. திருவிழாவுக்குப் போய் வந்த அன்று பையில் வைப்பதில்லை, ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி.

படங்களைக் கொடுக்கிற விதமும் மாறிவிட்டது. யாரைப் படம் எடுத்தேனோ அவருக்கு முதலில் பிரிண்ட், அவர் சரி என்றால் மட்டும் மற்றவர்களுக்கு. போன் வைத்திருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புகிறேன். சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பூக்கட்டும் அம்மா ஒருவர் படத்தை அழிக்கச் சொன்னார், அவர் கண்முன்னாலேயே அழித்தேன். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு, பேத்தியோடு சேர்த்து எடுக்கச் சொன்னார்.

விளாச்சேரிக்கு மறுபடி போய் 5.6-இல், வாசலுக்கு வெளியே தெருவில் நின்று எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் இந்த முறை தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பொம்மைகளை எண்ணினார். ஒரு கிருஷ்ணர் பொம்மை தட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது என்றார்.

இந்த லென்ஸை வாங்கலாமா என்று கேட்டால், செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், முன்னால் டார்ச் அடித்துப் பூஞ்சை பார்த்துவிட்டு, லைவ் வியூவிலும் கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரிலும் ஒரே இடத்தை எடுத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு. சின்ன சென்சார் கேமரா என்றால் ஆளை மட்டும் எடுக்கிறவருக்கு இது. ஆளையும் அவர் வீட்டையும் சேர்த்து எடுக்க வேண்டுமானால் நம் வீடுகளில் 3 மீட்டர் பின்வாங்க இடம் ஏது? 35 எம்.எம்.தான் சரி. போன மாசி மாதம் ஒரு சிநேகிதரிடம் அதை 2 வாரத்துக்கு இரவல் வாங்கினேன். இன்னும் அவர் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.