இப்போதே வாங்குவதா, தீபாவளிக்கா? இரண்டு போன்கள், இரண்டு கணக்குகள்

போன வாரம் ஒரே நாளில் இரண்டு போன்கள் என் மேசைக்கு வந்தன. ஒன்று என்னுடைய ஐபோன் 13, 2022-ல் வாங்கியது. இன்னொன்று கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் பத்தாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய ஆண்ட்ராய்டு. 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வியைத்தான் அக்காவும் கேட்டாள்: "இப்பவே வாங்கிடவாடா, இல்ல தீபாவளி வரைக்கும் பொறுக்கவா?" இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில் கிடைக்கும் என்று உட்கார்ந்தேன். அவளுக்கு வந்த பதில் எனக்கு வந்ததற்கு நேர் எதிர்.

முதலில் என் கணக்கு. எழுபது, எண்பதாயிரம் ரூபாய் போன்களில் பொறுத்திருந்தால் லாபம்தான், அதுவும் எந்த மாதம் என்று முன்கூட்டியே தெரியும். புதிய ஐபோன் வழக்கமாகச் செப்டம்பரில் வரும். சாம்சங் எஸ் வரிசை வருடத் தொடக்கத்தில். 2025-ல் நடந்ததைப் பாருங்கள். ஐபோன் 16-ன் விலை அந்த ஆகஸ்ட் வரை 79,900 ரூபாய், 128 ஜிபி. செப்டம்பரில் ஐபோன் 17 வந்ததும் அதே 16-ன் விலை 69,900 ஆனது. புதிய 17-ன் விலை 82,900. ஆனால் ஆரம்பமே 256 ஜிபி, கூடவே அதுவரை புரோ மாடல்களில் மட்டும் இருந்த, நொடிக்கு 120 முறை வரை படம் மாறி வழுக்கிக்கொண்டு ஓடும் 120 ஹெர்ட்ஸ் திரை. ஆக, ஆகஸ்ட் கடைசியில் அவசரப்பட்டவருக்கு பத்தாயிரம் போச்சு. மூவாயிரம் கூடப் போட்டு ஒரு மாதம் காத்திருந்தவருக்கு இரண்டு மடங்கு ஸ்டோரேஜ். ஜூன், ஜூலையில் முழு விலை கொடுத்து ஐபோன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

வரி குறையும் என்று காத்திருப்பது மட்டும் வீண். 2020 ஏப்ரலில் செல்போனுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பரில் டிவிக்கும் ஏசிக்கும் குறைத்தார்கள், போனைத் தொடவில்லை.

சரி, செப்டம்பர் வரை இந்தப் பழைய போன் தாங்குமா? என் போனின் பேட்டரி ஹெல்த், அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் மிஞ்சியிருப்பது, 78 சதவீதம். மத்தியானம் மூன்று மணிக்கே சிவப்புக் கோடு. மேப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினால் 20 சதவீதத்தில் பொட்டென்று அணைந்துவிடும். 'போன் பழசாயிடுச்சு' என்று இத்தனை நாள் நினைத்தேன், பழசானது பேட்டரிதான். ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதம் மிஞ்சும் என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. 15 முதல் அது ஆயிரம் சுற்று. அதோடு, தளர்ந்த பேட்டரி திடீரென்று போனை அணைத்துவிடாமல் இருக்க, போன் தன் வேகத்தையே குறைத்துக்கொள்ளும். 2017 டிசம்பரில் ஆப்பிள் இதை ஒத்துக்கொண்டபோது பெரிய ரகளையானது. 2018 முடியும் வரை பேட்டரி மாற்றும் கட்டணத்தையே வெகுவாகக் குறைத்தார்கள்.

பேட்டரியை எங்கே மாற்றுவது என்பதிலும் ஒரு சின்னப் போட்டி. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி மாற்றிக்கொள்ளலாம்; கண் முன்னாலேயே திரையின் ஓரத்தில் சூடு காட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகித் திறப்பார்கள். வெளி பேட்டரி போட்டால் ஐபோன் அதை அசல் என்று ஏற்காமல் செட்டிங்ஸில் ஒரு எச்சரிக்கை காட்டும். பின்னால் விற்கும்போது வாங்குகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். அதனால் நான் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கே போனேன். புதுப் போனுக்கு ஆகும் பணத்தில் சின்னப் பங்குதான் செலவு. இப்போது இரவு பத்து மணிக்கும் 30 சதவீதம் மிச்சமிருக்கிறது. ஒன்று மட்டும்: பேட்டரி உப்பி, திரையோ பின்மூடியோ தூக்கிக்கொண்டு நின்றால், தள்ளுபடிக்காக ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். அது தீப்பிடிக்கிற விவகாரம்.

பொறுப்பதிலும் ஒரு பொறி உண்டு. புது மாடலுக்காகக் காத்திருப்பது வேறு, பழைய மாடலின் விலை விழட்டும் என்று காத்திருப்பது வேறு. சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கான வருடங்களை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். கூகுளின் பிக்சல் 8 போனை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் 75,999 ரூபாய்க்கு வந்தது, ஏழு வருட அப்டேட் வாக்குறுதியோடு. முதல் நாளே வாங்கியவருக்கு வருடத்துக்குச் சுமார் 10,850 ரூபாய் ஆகிறது. 2026 அக்டோபரில் வாங்குகிறவருக்கு மிஞ்சுவது நாலே வருடம். அதே கணக்குக்கு அவர் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை 43,000 சொச்சம். 'எழுபத்தாறாயிரம் போன் அம்பதாயிரத்துக்கு!' என்ற விளம்பரம் வந்தால், நஷ்டம் வாங்குகிறவருக்குத்தான்.

பண்டிகை விற்பனையில் பெரிய எழுத்தில் போடும் விலையும் அப்படித்தான். குறிப்பிட்ட வங்கி கார்டு, பழைய போன் எக்ஸ்சேஞ்ச், கூப்பன் எல்லாம் கழித்த பிறகு வரும் தொகை அது. வட்டியில்லாத் தவணை என்று சொல்லும் 'நோ காஸ்ட் இஎம்ஐ' எடுத்தால் வட்டியை விலையில் கழித்துவிடுகிறார்கள், நிஜம்தான். ஆனால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், பெரும்பாலும் ஒரு புராசசிங் கட்டணமும் நம் தலையில். வட்டி 3,000 என்றால் வரி 540. பெரிய தொகை கிடையாது, ஆனால் செலவே இல்லை என்ற பேச்சு பொய்.

இனி அக்காவின் போன். அவள் கதையில் நான் இத்தனை காலம் எல்லோருக்கும் சொல்லிவந்த 'கொஞ்சம் பொறு, விலை இறங்கும்' எடுபடவில்லை. காரணம் ரேமுக்கும் ஸ்டோரேஜுக்கும் வேண்டிய மெமரி சிப். 2025 கடைசியிலிருந்து அதன் விலை ஏறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் கொழுத்ததால், மெமரி சிப் செய்யும் பெரிய கம்பெனிகளான சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் அந்தப் பக்கம் சாய்ந்தன. சாதாரண வாடிக்கையாளர்களுக்கு மெமரி விற்றுவந்த தன் 'குரூஷியல்' பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. எண்பதாயிரம் ரூபாய் போனில் இந்த ஏற்றத்தை லாபத்தில் அமுக்கிவிடலாம். பன்னிரண்டாயிரம் ரூபாய் போனில் அமுக்க ஏது இடம்? விலையை ஏற்றுவார்கள், இல்லையென்றால் ரேமைக் குறைப்பார்கள். தீபாவளிக்கு ஆயிரம் ரூபாய் தள்ளுபடி வரலாம். அதற்குள் அடிப்படை விலையே ஆயிரம் ஏறியிருந்தால் பொறுத்து என்ன பயன்?

இன்னொன்று, அவள் போனில் கோளாறு பேட்டரியில் இல்லை. 64 ஜிபியில் 61 நிரம்பியிருந்தது. வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் படங்களும் பிளவுஸ் டிசைன் வீடியோக்களும் மட்டுமே 18 ஜிபி. அத்தனையும் துடைத்துவிட்டுக் கேமராவை அழுத்தினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஒன்பதில்தான் திறந்தது. பாதுகாப்பு அப்டேட் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைக்கு வரும் பணமெல்லாம் யுபிஐ வழியாக இந்தப் போனில்தான் வருகிறது. இதில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்காவை உடனே வாங்கச் சொன்னேன். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்க்க வேண்டாம், ரேம் 6 ஜிபிக்கும் ஸ்டோரேஜ் 128-க்கும் குறையக் கூடாது, அப்டேட் எத்தனை வருடம் என்று கேட்டுக்கொள் என்றேன். இரண்டாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை. 2024 அக்டோபரில் வந்த சாம்சங் ஏ16 5ஜி-க்கே ஆறு வருட அப்டேட் சொல்லியிருந்தார்கள். ஆக, எண்பதாயிரம் கொடுக்காமலும் கேட்டு வாங்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கிவிட்டாள். கடைக்காரர் பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சில் அறுநூறு ரூபாய் தருவதாகச் சொன்னாராம். "அறுநூறுக்கு எதுக்குடா குடுக்கணும், பாட்டாவது பாடட்டும்" என்று சிம்மைக் கழற்றித் தையல் மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நான் செப்டம்பருக்குக் காத்திருக்கிறேன்.