கேதார்கந்தா பனி ட்ரெக்குக்கு வாங்கின சாமான்ல எது தேறுச்சு, எது தேறல

டிசம்பர் ஆனா போதும், நம்ம ஆளுங்க பாதி பேரு கேதார்கந்தாவுக்கு டிக்கெட் போட்டுடுறாங்க, போட்ட கையோட கேக்குற முதல் கேள்வி "எந்த ஜாக்கெட் வாங்கலாம்?"ங்கறதுதான். என் அபிப்ராயம் என்னன்னா, கையில இருக்குற காசை ஜாக்கெட்ல கொட்டாதீங்க. முதல்ல ஷூ, அப்புறம் கீழ விரிக்கிற மேட், அப்புறம் க்ளவுஸ், இதெல்லாம் முடிஞ்சு மிச்சம் இருந்தா ஜாக்கெட். ஜாக்கெட் நடை ஆரம்பிக்கிற சாங்க்ரி கிராமத்துலயே வாடகைக்கு கிடைக்கும், கால் விரல் வாடகைக்கு கிடைக்காது.

இடத்தை பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. உத்தரகாண்ட்ல உத்தரகாசி மாவட்டம், டேராடூன்ல இருந்து கிட்டத்தட்ட 200 கிமீ, மலை ரோடுங்கறதால பகல் முழுக்க வண்டியிலயே போயிடும், சாங்க்ரின்னு ஒரு கிராமம், சுமார் 6,400 அடி உயரம், அங்க இருந்துதான் நடை ஆரம்பம், உச்சி 12,500 அடி. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறரை டிகிரி குறையும்னு ஒரு கணக்கு இருக்கு, அப்படி பாத்தா சாங்க்ரியில இருக்குற குளிரை விட உச்சியில 12 டிகிரி கம்மி, இதுல காத்தை இன்னும் சேர்க்கல. உச்சிக்கு கிளம்புறதும் விடியக்காலை இருட்டுல. நம்ம ஊர் மார்கழி குளிருக்கு ஸ்வெட்டர் போடுற ஆளுங்க நாம, அதனால சாமான் விஷயத்துல கொஞ்சம் பேசித்தான் ஆகணும்.

ஷூ. நான் எடுத்தது டெகாத்லான்ல குவெச்சுவா எஸ்ஹெச்100, பனிக்குன்னே போட்டிருக்குற ஷூ, கணுக்காலுக்கு மேல ஏறி நிக்கும், உள்ள கம்பளி மாதிரி ஒரு லைனிங். எனக்கு உள்ள நனையவே இல்ல, கேம்ப்ல மத்தவங்க ஷூவை அடுப்புகிட்ட காட்டிட்டு உக்காந்திருந்தப்ப நான் டீ குடிச்சிட்டு இருந்தேன். ரன்னிங் ஷூ போட்டு ஏறிடலாம்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றாரு, ஏறலாம்தான், ஆனா அந்த வலைத்துணி வழியா பனி உள்ள போயி உருகி, சாக்ஸ் நனைஞ்சு, ஒரு மணி நேரத்துல விரல் இருக்கா இல்லையான்னே தெரியாம போயிடும். வாங்கும்போது சாயங்காலமா போங்க, நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கி இருக்குற நேரம், மலையில போடப்போற அதே தடி சாக்ஸை கையோட எடுத்துட்டு போய் போட்டு பாருங்க, முன்னாடி ஒரு விரல் இடம் இருக்கணும். இடம் இல்லன்னா இறங்கும்போது நகம் போய் முட்டும், அதை விட முக்கியமா, ஷூ இறுக்கினா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் ஜில்லுனு ஆகும். குளிருதுன்னு ரெண்டு மூணு சாக்ஸ் மாட்டி ஷூவுக்குள்ள காலை திணிக்கிறவங்களுக்கு ஏன் இன்னும் குளிருதுன்னா இதான் காரணம். நல்ல கம்பளி சாக்ஸ் ஒண்ணு போதும், இன்னொரு ஜோடி ராத்திரிக்குன்னே தனியா, ஸ்லீப்பிங் பேக்ல இருந்து அதை வெளிய எடுக்கவே கூடாது.

ஷூ எவ்ளோ நல்லதா இருந்தாலும் சரி, கெட்டியான ஐஸ்ல எந்த ரப்பர் சோலும் நிக்காது. அதுக்குத்தான் மைக்ரோஸ்பைக்ஸ், சங்கிலியில சின்ன சின்ன முள்ளு இருக்கும், ரப்பரை இழுத்து ஷூ மேல மாட்டிக்கணும். க்ராம்பான் எல்லாம் இந்த ட்ரெக்குக்கு வேண்டாம், அது செங்குத்தா ஐஸ் ஏறுறவங்களுக்கு. ஸ்பைக்ஸும் கெய்ட்டரும் (ஷூ வாயில இருந்து முழங்கால் வரைக்கும் சுத்தி மாட்டுற உறை) காசு குடுத்து வாங்காதீங்க, சாங்க்ரி கடைகள்ல வாடகைக்கு தர்றாங்க, ஆனா கடையிலயே மாட்டி நாலு அடி நடந்து பாருங்க. நான் எடுத்த கடையில முதல்ல குடுத்த ஜோடியில ரப்பர் வெடிச்சு போயிருந்துச்சு, மாத்தி கேட்டேன், முகம் சுளிக்காம மாத்தி குடுத்தாரு, சர்வீஸுக்கு குறை சொல்ல முடியாது. கெய்ட்டர் இல்லாம முழங்கால் அளவு பனியில இறங்கினா ஷூவுக்கு மேல் வழியா பனி உள்ள போயிடும், அப்புறம் வாட்டர்ப்ரூஃப் ஷூவா இருந்து என்ன பிரயோஜனம்.

இப்ப மேட். எல்லாரும் ஸ்லீப்பிங் பேக் பத்தியே பேசுவாங்க, கீழ என்ன விரிக்கிறோம்னு யாரும் கேக்க மாட்டாங்க. விஷயம் என்னன்னா, ஸ்லீப்பிங் பேக் சூடு குடுக்குறதே அதுக்குள்ள அடைஞ்சிருக்குற காத்தாலதான், நீங்க மேல படுத்ததும் முதுகுக்கு கீழ இருக்குற பகுதி நசுங்கி காத்து வெளிய போயிடும், அப்ப உங்களுக்கும் பனிக்கும் நடுவுல மேட் மட்டும்தான் இருக்கு. மேட் எவ்ளோ தடுக்கும்னு சொல்ற நம்பர் ஆர் வேல்யூ. இப்ப நிறைய கம்பெனிங்க ஏஎஸ்டிஎம் முறையில ஒரே மாதிரி டெஸ்ட் பண்ணி போடுறதால ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு பாக்கலாம். மடக்குற ஃபோம் மேட்ல சாதாரணமா 2 பக்கத்துல இருக்கும், பனி மேல படுக்கணும்னா 4, 5 வேணும். நல்லது என்னன்னா இது கூட்டல் கணக்கு, ரெண்டு மேட் ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ரெண்டு நம்பரும் சேரும். ட்ரெக் கம்பெனி ஒரு மேட் தந்தாங்க, அது மேல நான் கொண்டு போன முட்டை ட்ரே டிசைன் ஃபோம் மேட்டை போட்டேன், முதுகுல குளிர் ஏறவே இல்ல, மொத்த சாமான்லயும் குடுத்த காசுக்கு நியாயம் பண்ணது இதுதான்னு சொல்வேன். காத்து ஊதுற மேட் இன்னும் சொகுசு, ஆனா நடுராத்திரி ஓட்டை விழுந்தா கதை முடிஞ்சது. ஃபோம்ல அந்த கவலை இல்ல, பையில வெளிய கட்டி தொங்க விட்டுக்கலாம், மதியம் ரொட்டி சாப்பிட பனியில விரிச்சு உக்காரவும் ஆகும்.

ஸ்லீப்பிங் பேக் பெரும்பாலும் கம்பெனியே தருவாங்க. சொந்தமா வாங்குறீங்கன்னா டேக்ல ஐஎஸ்ஓ 23537ங்கற டெஸ்ட் ஸ்டாண்டர்ட் பேர் இருக்கான்னு பாருங்க, பழைய பைகள்ல இஎன் 13537ன்னு இருக்கும். இருந்துச்சுன்னா கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு தனித்தனியா டிகிரி நம்பர் வரும், நாம பாக்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும். எக்ஸ்ட்ரீம்ங்கறது உயிர் தங்குறதுக்கான நம்பர், தூங்குறதுக்கான நம்பர் இல்ல. எங்க கூட வந்த ஒருத்தர் ஆன்லைன்ல ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, பேர் வேண்டாம், கவர்ல பெருசா மைனஸ் 10ன்னு போட்டு பக்கத்துல பனிமலை படம், ஸ்டாண்டர்ட் பேரே கிடையாது. ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தாரு, கடைசியில போட்டிருந்த ஜாக்கெட், பேன்ட் எல்லாத்தோடயும் உள்ள போயிட்டாரு. அந்த மைனஸ் 10 எதுக்கான நம்பர்னு அந்த கவருக்கே தெரியாது. வாடகை பையா இருந்தா ஃப்ளீஸ் லைனர், அதாவது பைக்குள்ள போடுற மெத்துனு ஒரு துணி உறை, ஒண்ணு எடுத்துக்கோங்க, கொஞ்சம் சூடும் கூடும், முன்னாடி யார் யார் படுத்தாங்களோங்கற நினைப்பும் வராது.

துணி விஷயத்துல திருப்பூர் பக்கத்து ஆளுங்க கோவிச்சுக்க கூடாது, காட்டன் பனியன், காட்டன் தெர்மல், ஜீன்ஸ் எதுவும் வேண்டாம். ஏறும்போது வேர்க்கும், எவ்ளோ குளிர்லயும் வேர்க்கும், காட்டன் அந்த வேர்வையை பிடிச்சு வச்சுக்கும், நின்னதும் மண்பானை மேல ஈரத்துணி சுத்தின மாதிரி உடம்பை குளிர வச்சிடும். நம்ம கடைகள்ல தெர்மல்னு விக்கிறதுல நிறைய காட்டன் கலந்ததுதான், லேபிளை படிச்சிட்டு பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ எடுங்க. அதுக்கு மேல ஒரு ஃப்ளீஸ். நடக்கும்போது இது ரெண்டுமே எனக்கு போதுமா இருந்துச்சு, காத்து அடிச்சா மட்டும் மேல மெல்லிசா ஒரு வாட்டர்ப்ரூஃப் ஷெல். கிளம்பும்போது லேசா குளிரணும், குளிரலன்னா பத்து நிமிஷத்துல நின்னு கழட்டுவீங்க, பின்னாடி வர்றவங்க திட்டுவாங்க.

ஜாக்கெட்டுக்கு வர்றேன், அதுக்காகத்தான பாதி பேர் இதை படிக்கிறீங்க. என்கிட்ட இருக்குறது ஃபோர்க்ளாஸ் எம்டி100, டவுன் ஜாக்கெட், அதாவது வாத்து இறகோட அடிப்பஞ்சு அடைச்சது. மடிச்சா சின்ன பொட்டலமா பைக்குள்ள போயிடும், கேம்ப்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல சூடு ஏறும், நல்ல ஜாக்கெட், ஆனா இதை நடக்கும்போது போடுறதுக்குன்னு நினைச்சு வாங்காதீங்க. நின்னா போடணும், நடந்தா கழட்டணும். டவுன் நனைஞ்சா கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு சூட்டை விட்டுடும், மழையோ ஈரப்பனியோ வந்தா சிந்தெடிக் ஜாக்கெட்தான் தாக்கு பிடிக்கும். இன்னொண்ணு, கடையில ஃபில் பவர் 600, 800ன்னு சொல்லி விலையை ஏத்துவாங்க, ஒரு அவுன்ஸ் டவுன் எத்தனை கன அங்குலம் உப்புதுங்கறதுதான் அந்த நம்பர். 800 இருந்தா அதே சூட்டுக்கு எடை குறையும், அவ்ளோதான், உள்ள எத்தனை கிராம் போட்டிருக்காங்கன்னு தெரியாம 800ஐ மட்டும் வச்சு இது அதிக சூடுன்னு சொல்ல முடியாது.

க்ளவுஸ் கண்டிப்பா ரெண்டு அடுக்கு வேணும், உள்ள மெல்லிசு, வெளிய வாட்டர்ப்ரூஃப். போட்டோ எடுக்க வெளி க்ளவுஸை கழட்டினா உள்ளது இருக்கும், வெறுங்கை வெளிய வராது. வாடகை க்ளவுஸ் எனக்கு பிடிக்கல, முந்தின ஆளோட ஈரம் காயாமலே நம்ம கைக்கு வரும். தலைக்கு மங்கி குல்லா. ரயில்வே ஸ்டேஷன்ல அதை பாத்து சிரிச்சவங்கதான் உச்சிக்கு கிளம்புற ராத்திரி "ப்ரோ, எக்ஸ்ட்ரா இருக்கா"ன்னு வந்து நின்னாங்க. கூலிங் க்ளாஸ் ஸ்டைலுக்கு இல்லீங்க, புதுப்பனி 80 சதவீதம் வரைக்கும் புற ஊதா கதிரை திருப்பி அடிக்கும், உயரம் ஏற ஏற அந்த கதிரும் ஆயிரம் மீட்டருக்கு சுமார் 10 சதவீதம் கூடும், கண்ணாடி இல்லாம ஒரு பகல் முழுக்க நடந்தா சாயங்காலம் கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணியா கொட்டும். கண்ணாடி எவ்ளோ வெளிச்சத்தை தடுக்கும்னு சொல்ற அளவுல கேட்டகரி 3, பக்கவாட்டுலயும் மறைக்குறதா பாருங்க, ரோட்டோரத்துல விக்கிற கருப்பு கண்ணாடி ஆகாது.

தண்ணிக்கு ட்யூப் வச்ச பை வேண்டாம், ட்யூப்ல தண்ணி உறைஞ்சிடும். வாய் அகலமான பாட்டிலை தலைகீழா வைங்க, ஐஸ் மேல இருந்துதான் கட்டும், அதனால மூடி பக்கம் அடைக்காது. ராத்திரி அதே பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, மூடி இறுக்கமா இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, கால்மாட்டுல போட்டுக்கிட்டு தூங்குங்க, இதுக்கு ஈடா எந்த கடையிலயும் எதுவும் விக்கல. ஹெட்லாம்புக்கு லித்தியம் பேட்டரி, சாதாரண ஆல்கலைன் குளிர்ல சீக்கிரம் மங்கிடும். பவர் பேங்க் ஃப்ளைட்ல கைப்பையில மட்டும்தான் போகும், மலையில அதையும் போனையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வச்சுக்கோங்க.

சொந்தமா சமைச்சு கேம்ப் போடுற ஆளுங்களுக்கு ஒண்ணு மட்டும், சாதாரண ப்யூட்டேன் கேன் மைனஸ்ல வேலை செய்யாது, அந்த வாயு பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழயே திரவமா நின்னுடும். ஐசோப்யூட்டேன், ப்ரொப்பேன் கலந்த கேன்தான் வேணும். கேனை ஃப்ளைட்ல ஏத்த விட மாட்டாங்க, அங்க போய்தான் வாங்கணும். டென்ட்டுக்குள்ள அடுப்பு பத்த வைக்கவே வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஊட்டி, கொடைக்கானல் கேம்ப்புக்கு இவ்ளோ சாமான் தேவை இல்ல. ஃப்ளீஸ், மேட், நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தா ஜனவரி உறைபனி ராத்திரியும் ஓடிடும். அங்க தொல்லை குளிரை விட ஈரம், குளிருதுன்னு டென்ட் ஜன்னலை எல்லாம் மூடிட்டு படுத்தா நாம விட்ட மூச்சே உள்பக்கம் தண்ணியா கோத்து காலையில மேல சொட்டும், ஒரு பக்கமாவது திறந்து வைங்க.

திரும்பி வந்தப்புறம் சென்னையில இதை எல்லாம் வச்சிருக்குறதுதான் பெரிய வேலை. டவுன் ஜாக்கெட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் அந்த குட்டி பையில திணிச்சு பரண்ல போட்டா உப்புற சக்தி போயிடும், நம்ம ஊர் ஈரத்துக்கு பூஞ்சையும் பிடிக்கும், ஹேங்கர்ல தளர்வா மாட்டி வைங்க. எஸ்ஹெச்100 என்கிட்ட சும்மாதான் கிடக்கு, சைஸ் 9, பல்லாவரம் பக்கம் யாராச்சும் இந்த சீசன்ல போறீங்கன்னா சொல்லுங்க, தர்றேன், மேட்டும் சேத்து எடுத்துட்டு போங்க. க்ளவுஸ் மட்டும் கேக்காதீங்க.