பைசாவை எதில் வைப்பது: ஃப்ளோட்டா, முழு எண்ணா, டெசிமலா?

"என்ன தம்பி, சீட்டுல ஒரு தொகை, மாசக் கணக்குல ஒரு தொகை?" மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் எழுதிய பில்லிங் மென்பொருளைப் பார்த்து, உசிலம்பட்டிப் பக்கமிருந்து மல்லி கொண்டுவரும் பெரியவர் கேட்டது. கேள்வி நியாயமானது. தொகை ஃபீல்டை நான் ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணை பைனரியில் தோராயமாகச் சேமிக்கும் வகையாக, வைத்திருந்தேன்.

நான்கு பைட் ஃப்ளோட் சுமார் ஏழு இலக்கம்தான் தாங்கும். தொகை 1,31,072 ரூபாயைத் தாண்டிவிட்டால், அதில் அடுத்தடுத்து வரக்கூடிய இரண்டு எண்களுக்கு நடுவே ஒன்றரைப் பைசாவுக்கும் மேல் இடைவெளி. டபுள், அதாவது எட்டு பைட் ஃப்ளோட், இதைவிடத் துல்லியம், ஆனால் 1.005 அதற்குள் 1.00499999… என்றுதான் உட்காரும். இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்தால் 1.01 வராமல் 1.00 வரும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் நியூமெரிக்கில் (டெசிமலுக்கு அங்கே இன்னொரு பெயர்) 3, டபுளில் 2 வரும். காசுக்கு இது வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் வைப்பது அடுத்த வழி. கூட்டல் கழித்தல் சுத்தமாக வரும். வகுத்தல்தான் வில்லங்கம். கிலோ 847 ரூபாய் மல்லி, 235 கிராம்: 235 × 84700 / 1000. விடை 19904.5 பைசா. போஸ்ட்கிரெஸும் எஸ்கியூஎல் சர்வரும் அரைப் பைசாவைச் சத்தமில்லாமல் வெட்டி 19904 என்று தரும். மைஎஸ்கியூஎல் அதே வகுத்தலில் தசமத்தோடு தரும். ஆக, டேட்டாபேஸ் மாறினால் விடையும் மாறும்.

டெசிமல் என்பது எண்ணைத் தசம இலக்கங்களாகவே சேமிக்கும் வகை. அதில் அதே கணக்கு, ரூபாயில், அச்சுப் பிசகாமல் 199.045, ரவுண்ட் செய்தால் 199.05. என் தேர்வு இதுதான். ஆனால் டெசிமல் போட்டதும் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இதே வரி மூன்று முறை வந்தால், ரவுண்ட் செய்து கூட்டினால் 597.15, கூட்டிவிட்டு ரவுண்ட் செய்தால் 597.14. பெரியவர் கையில் இருப்பது சீட்டு. அதனால் சீட்டு வரியிலேயே ஒரு முறை ரவுண்ட் செய்து சேமிக்க வேண்டும். மாதக் கணக்கு அந்த வரிகளைக் கூட்டினால் போதும், மறுபடி ரவுண்ட் கூடாது.

சரி, பழைய பதிவுகள்? ஃபீல்டை டெசிமலாக மாற்றுவதால் தொலைந்த பைசா திரும்பாது. எடையும் விலையும் தனியாக இருந்ததால், இரண்டையும் முதலில் டெசிமலாக்கி, மறுபடி பெருக்கித் தொகையை எழுதினேன். அப்புறம் பெரியவரின் சீட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சரிபார்த்தேன்.